பத்து நிமிஷம் குறைய

களக்காட்டு ஆறுமுகநயினார் பிள்ளை வீட்டுப் பந்தியில் முதல் இலை யாருக்கு என்ற விஷயத்தில் ஆவுடைநாயகம் பிள்ளைக்கு நான்கு வருஷமாக வயிற்றெரிச்சல். பேச்சுக்குச் சொல்லுகிற வயிற்றெரிச்சல் இல்லை. களக்காட்டுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அவர் இரண்டு நாள் மோர்ச்சோறு மட்டும் சாப்பிட்டு அதை ஆற்ற வேண்டியிருந்தது.

ஆறுமுகநயினார் பிள்ளை அவருடைய மாமனார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை, பெண்கள் இரண்டு. மூத்தவள் சண்முகசுந்தரியைத் திருநெல்வேலி டவுனில் ஆவுடைநாயகத்துக்குக் கட்டிக்கொடுத்தார். ஒன்பது வருஷம் அந்த வீட்டுக்கு இவர் ஒருவரே மாப்பிள்ளை. ஆகவே முதல் இலையும் இவருக்குத்தான், கடைசி இலையும் இவருக்குத்தான். பிறகு இளையவள் பிரம்மநாயகிக்குத் தூத்துக்குடியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பெயர் தில்லைநாயகம் பிள்ளை. கப்பல் ஆபீசில் உத்தியோகம். இரண்டு தடவை கொழும்புக்குப் போய்வந்தவர் என்பதை மூன்று தடவை போய்வந்தவரைப் போலச் சொல்லுவார். அந்தச் சகலை முதல் விருந்துக்கு வந்த அன்று மாமனார் உள்ளே பார்த்து, தூரத்திலிருந்து வந்திருக்கிறார், முதல் இலையை அவருக்குப் போடுங்கள் என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து தூரத்து மாப்பிள்ளைக்கு முதல் இலை என்பது அந்த வீட்டுச் சட்டமாகிவிட்டது.

அந்த வீட்டில் ஒன்று சட்டமாகிவிட்டால் பிறகு அசையாது. ஆறுமுகநயினார் பிள்ளை முப்பது வருஷம் கிராம முன்சீப்பாக இருந்தவர். முத்திரை வைத்த காகிதம் எதையும் அவர் மீறியதில்லை. ஒரு வருஷம் ஊர்க்குளம் வற்றிவிட்டதாகத் தாலுகாவிலிருந்து அரக்கு முத்திரையோடு ஒரு தாக்கீது வந்தது. குளத்தில் அப்போது தண்ணீர் கரைதொட்டுக் கிடந்தது. பிள்ளை கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குளிக்க வந்தவர்களையெல்லாம் தண்ணீர் இல்லை என்று சொல்லி எட்டு நாள் திருப்பி அனுப்பினார். ஒன்பதாம் நாள் தவறு திருத்தப்பட்டு இன்னொரு முத்திரை வந்த பிறகுதான் அவரே குளித்தார்.

முதல் இலைக்கும் இரண்டாம் இலைக்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று கேட்டால், ஒன்றுமில்லை. சண்முகசுந்தரியும் அதைத்தான் சொன்னாள்.

"ரெண்டு எலைக்கும் ஒரே கரண்டிதான அத்தான். ஒரே நெய்தான."

ஒரே நெய்தான். ஆனால் முதல் இலையில் விழும்போது இருக்கிற சூடு இரண்டாம் இலைக்கு வரும்போது இருக்காது என்பது ஆவுடைநாயகத்தின் கட்சி. முதல் இலைக்கு முழு அப்பளம் வரும். இரண்டாம் இலைக்கு வருவது ஓரம் உடைந்தது. மாமனாருக்குக் காய்ச்சல் கண்டபோது வைத்தியரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடியது யார்? கூரை ஒழுகியபோது ஓடு ஏற்றிப்போனது யார்? நெல் அறுப்புக்கு ஒரு வாரம் களத்தில் நின்றது யார்? எல்லாம் ஆவுடைநாயகம். தில்லைநாயகம் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு தகர டப்பா பிஸ்கோத்தோடு வருவார், முதல் இலையில் உட்காருவார், போய்விடுவார். பொறாமைப்படாமல் என்ன செய்வது?

இதற்கு மேலே இன்னொன்று வந்து சேர்ந்தது. வருகிற தை மாதம் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். அன்றைக்குத் தம்பதியை மணையில் உட்காரவைத்துக் கலசநீர் ஊற்றும்போது முதல் குடத்தை மகன் எடுக்க வேண்டும். மகன் இல்லாத வீட்டில் மாப்பிள்ளை மகனாக நின்று எடுக்க வேண்டும். எந்த மாப்பிள்ளை என்று மாமனார் சொல்லவில்லை. ஆனால் முதல் இலை யாருக்கோ அவருக்கே முதல் குடம் என்று ஆவுடைநாயகம் தானாகவே முடிவுகட்டிவிட்டார். ஆவுடைநாயகத்துக்கு இரண்டு வயதிலேயே தகப்பனார் போய்விட்டார். முகம்கூட நினைவில்லை. அப்பா என்று ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் அது களக்காட்டுக்காரரைத்தான் என்று பதின்மூன்று வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தார். வாயில் மாமா என்றுதான் வந்தது. அந்தக் குடம் பிஸ்கோத்து டப்பாக்காரர் கைக்குப் போவதை நினைத்தால் மோர்ச்சோறும் இறங்கவில்லை.

ஆவுடைநாயகம் பிள்ளை வேலை பார்த்தது தாமிரபரணி தீரவாசிகள் க்ஷேமாபிவிருத்தி சபையில். அங்கே அவர் குமாஸ்தா. சபை என்ன செய்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. சபை தீர்மானிக்கிறது. ஒருவர் பிரேரேபிப்பார், ஒருவர் ஆமோதிப்பார், ஏகமனதாக நிறைவேறும், சந்தனம் கொடுப்பார்கள், சக்கரவர்த்தி நீடூழி வாழ்க என்று பாடிவிட்டுக் கலைவார்கள். ஆற்றில் வெள்ளம் வரக்கூடாதென்று ஒரு தடவை தீர்மானித்தார்கள். அந்த வருஷம் மழையே இல்லை. சபையின் செல்வாக்கு அப்போதுதான் ஊருக்கே தெரிந்தது.

அக்கிராசனர் ராவ் சாகிப் நெல்லையப்ப முதலியார். ஓய்வுபெற்ற தாசில்தார். கூட்டம் நான்கு மணிக்கு என்று போட்டிருந்தால் அவர் ஐந்துக்கு வருவார், ஐந்தரைக்கும் வருவார். ஆனால் அக்கிராசனர் தாமதமாக வந்தார் என்று நடவடிக்கைக் குறிப்பில் எப்படி எழுதுவது? அதற்கும் ஒரு தீர்மானம் இருந்தது. அவர் எப்போது வருகிறாரோ அப்போதே நான்கு மணி. முதலியார் செருப்பைக் கழற்றியதும் சேவகன் சங்கிலிபூதத்தான் முக்காலி போட்டு ஏறிச் சுவர்க்கடிகாரத்தின் முள்ளை நான்கில் திருப்பி வைப்பான். பிறகுதான் எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.

அது டில்லியில் தர்பார் நடக்கவிருந்த வருஷம். பட்டம் பெறுகிறவர்களின் பெயர் ஜாபிதா தயாராகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. அதற்கு முந்தின வருஷம்தான் சென்னைப் பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரன் ஆகாய விமானத்தில் பறந்து காட்டியிருந்தான். இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப்போட்டது தூத்துக்குடியில் இருந்த ஒரு வர்த்தகர் சங்கம். அது ஒரு நோட்டீஸ் அச்சடித்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஆகாய மார்க்கமாக முந்நூற்று முப்பது மைல், விமானத்தில் எட்டு மணி நேரம். திருநெல்வேலி இன்னும் ஒரு மணி நேரம் தள்ளி இருப்பதால் அவ்வூர்வாசிகள் ரயிலில் தூத்துக்குடி வந்து விமானம் ஏறிக்கொள்ளலாம்.

சபை அவசரமாகக் கூடியது. முதலியார் எழுந்து பேசியதை ஆவுடைநாயகம் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

"பூமியில் எந்த ஊர் கிட்ட, எந்த ஊர் தூரம் என்று சர்க்கார் மைல்கல் நட்டிருக்கிறது. அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆகாயத்தில் கல் இல்லை. ஆகையால் ஆகாயத்தில் எது கிட்ட என்பது இன்னும் தீர்மானமாகாத விஷயம். தீர்மானமாகாததைத் தீர்மானிக்கத்தான் சபை இருக்கிறது. எனக்குத் தூத்துக்குடியின் மேல் பொறாமை என்று சிலர் நினைக்கலாம். கிடையாது. அந்தச் சங்கத் தலைவருக்குப் போன வருஷம் ராவ் சாகிப்புக்கு ஒரு படி மேலான ராவ் பகதூர் பட்டம் வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தில் மூன்று நாள் எனக்குத் தூக்கமே வரவில்லை."

தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஆகாய தூரம் எவ்வளவு, பறக்கும் நேரம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க இரண்டு கமிட்டிகள் அமைந்தன. ஒன்று தூரக் கமிட்டி, இன்னொன்று நேரக் கமிட்டி. ஆவுடைநாயகத்துக்கு அப்போதுதான் பொறிதட்டியது. தூத்துக்குடி கிட்டத்தான் இருக்கிறது என்று சபை முத்திரையோடு ஒரு காகிதம் கிடைத்தால் போதும். முத்திரையைக் கண்டால் குளத்துத் தண்ணீரையே இல்லை என்கிற மாமனார், சகலை தூரத்திலிருந்து வருகிறார் என்று அதற்குப் பிறகு எப்படிச் சொல்லுவார்? அன்றைக்கு ஆவுடைநாயகம் வீட்டில் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்.

ஆனால் கமிட்டிகள் நகரவில்லை. நேரம் தெரியாமல் தூரத்தைச் சொல்ல முடியாது என்று தூரக் கமிட்டி எழுதியது. தூரம் தெரியாமல் நேரத்தைச் சொல்ல முடியாது என்று நேரக் கமிட்டி பதில் எழுதியது. இரண்டும் ஒரே கூடத்தில் ஒரே பெஞ்சியின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தன. கடிதத்தை இந்த முனையில் வாங்கி, நம்பர் போட்டு, அந்த முனையில் கொடுத்து, அங்கே ஒரு நம்பர் போட்டு வாங்குவது சங்கிலிபூதத்தான் வேலை. இரண்டு மாதத்தில் நாற்பத்தொரு கடிதம் ஆயிற்று. ஆவுடைநாயகம் தை மாதத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

பொறுக்க முடியாமல் அவரே ஒரு யோசனையை முதலியார் காதில் போட்டார். விமானம் இல்லாவிட்டால் என்ன, பறக்கிற ஒன்றைத் தூத்துக்குடியில் விட்டு இங்கே எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்க்கலாமே. அடுத்த கூட்டத்தில் அது முதலியாரின் யோசனையாக வெளிவந்தது. எந்தப் பறவை என்பதில் மறுபடியும் தகராறு. ஒரு சைவப் பெரியவர் மயில் என்றார். ஒரு வைஷ்ணவர் கருடன் என்றார். மயில் என்றால் கருடனுக்கு அவமானம், கருடன் என்றால் மயிலுக்கு அவமானம். இரண்டுக்கும் பொதுவாக, எந்தத் தெய்வமும் ஏறாத பறவையாக இருக்க வேண்டும் என்று வக்கீல் அப்பாத்துரை சமரசம் பேசி, புறாவைப் பிரேரேபித்தார். ஏகமனதாக நிறைவேறியது.

புறாவுக்கு மேலப்பாளையத்தில் முகம்மது சுல்தான் இருந்தார். மூன்று தலைமுறையாகப் புறா வளர்க்கிற வீடு. அவர் சபைக்கு வந்து நின்றுகொண்டே பேசினார், உட்காரச் சொல்லத் தீர்மானம் இல்லாததால். புறா சொன்ன இடத்துக்குப் போகாது, தன் வீட்டுக்குத்தான் திரும்பி வரும் என்றார். அப்படியானால் சபைக்கு வராதா என்று முதலியார் கேட்டார்.

"சபையே அதுக்கு வீடா ஆகணும் எசமான். இளம்புறாவாக் கொண்டாந்து மாடியில கூடு வச்சு, நாப்பது நாளு இரை போட்டுப் பழக்கணும். பொறவு பாளையங்கோட்டை, வல்லநாடுன்னு பைய பைய தூரமாக் கொண்டு போய் விடணும். அப்பந்தான் தூத்துக்குடியிலேருந்து வரும்."

சபை மாடியில் கூடு ஏறியது. பன்னிரண்டு புறாக்கள் வந்தன. அவை சபையைச் சபை என்று எண்ணாமல் வீடு என்றே எண்ணி, சக்கரவர்த்தி படத்தைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் எச்சமிட்டன. அவற்றின் ராஜபக்தியைக் குறித்து மகிழ்ச்சி தெரிவித்து ஒரு தீர்மானம் நிறைவேறியது.

ஆவுடைநாயகம் தினமும் மாடிக்குப் போய்ப் பார்த்தார். ஒருநாள் சுல்தான் புதிதாக ஒரு புறாவை வாங்கிவந்து கூட்டில் விட்டு, முதல் கைப்பிடி கம்பை அதற்கு மட்டும் போட்டார். மற்றப் புறாக்கள் பார்த்துக்கொண்டு நின்றன. ஆவுடைநாயகத்துக்கு அந்தப் புதுப் புறாவைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"என்னவே இது, நேத்து வந்ததுக்கு முதல் இரை. மொதல்லேருந்து இருக்கது வாயப் பாத்துக்கிட்டு நிக்கணுமோ?"

"வந்த புறாவுக்குத்தான் பிள்ளைவாள் முதல்ல போடுவோம். இல்லாட்டாப் பறந்து போயிரும்லா. வீட்டுப் புறா எங்க போகப்போகுது? அது நம்ம கையிலயே வந்து உக்காந்து திங்கும்."

அநியாயம் என்று முணுமுணுத்தபடி ஆவுடைநாயகம் படியிறங்கிப் போய்விட்டார்.

கார்த்திகை பிறந்து, குறித்த நாள் வந்தது. வக்கீல் அப்பாத்துரை தலைமையில் ஐந்து பேர் ஒரு புறாவோடு முந்தின நாளே ரயிலேறினார்கள். புறா சபையின் பிரதிநிதி என்பதால் அதற்கும் இரண்டாம் வகுப்பு டிக்கெட். கூட்டைச் சாமான் வண்டியில் போடச் சொன்ன ஸ்டேஷன் மாஸ்டருக்கு மணியாச்சியில் வைத்து ஒரு கண்டனத் தீர்மானம் கொடுக்கப்பட்டது. தூத்துக்குடியில் அவர்களை உபசரித்தது யார் என்றால் தில்லைநாயகம் பிள்ளை. கொழும்புத் தேயிலையும் பிஸ்கோத்தும் கொடுத்தாராம். இப்படிப்பட்ட ஒரு மனுஷனைச் சகலையாக அடைய நீர் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று வக்கீல் ஆவுடைநாயகத்துக்கு ஒரு கார்டு எழுதியிருந்தார். ஆவுடைநாயகம் அதைக் கிழித்துப் புறாக்கூட்டில் போட்டார்.

மறுநாள் மூன்றேமுக்காலுக்கெல்லாம் சபைக்கூடம் நிறைந்துவிட்டது. புறாவுக்குப் படித்துக் கொடுக்க ஒரு வரவேற்புப் பத்திரம் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தயாராக இருந்தது. முதலியாரைத்தான் காணோம். சுவர்க்கடிகாரம் நான்கு அடித்தது. நாலரை ஆனது. சரியாக ஐந்துமணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மாடியில் சிறகடித்தது. வந்திட்டு என்று சுல்தான் மேலிருந்து குரல் கொடுத்தார். ஆவுடைநாயகம் கடிகாரத்தைப் பார்த்து, நான்கு ஐம்பத்தைந்து என்று பென்சிலால் குறித்துக்கொண்டார். சபையின் காரியதரிசி கூடாதென்று தலையை ஆட்டினார். அக்கிராசனர் வராமல் கூட்டம் ஆரம்பமாகவில்லை, கூட்டம் ஆரம்பமாகாமல் புறா வந்ததாகச் சொல்ல முடியாது என்றார். அதையே சுல்தானிடம் எடுத்துச் சொன்னார்கள். அவர் புறாவைக் கையில் பிடித்தபடி, இது வரவில்லையா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.

ஐந்து மணிக்கு முதலியார் வந்தார், செருப்பைக் கழற்றினார். சங்கிலிபூதத்தான் முக்காலியில் ஏறி முள்ளை நான்கில் வைத்தான். எல்லோரும் எழுந்தார்கள். முதலியார் உட்கார்ந்ததும் முதல் கேள்வியாகப் புறா வந்துவிட்டதா என்றார். வந்துவிட்டது என்று சுல்தான் கையைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி நான்கு. அந்த நிமிஷம் பார்த்துத் தூத்துக்குடித் தந்தி வந்து சேர்ந்தது. புறா அங்கே நான்கு மணி பத்து நிமிஷத்துக்கு விடப்பட்டது என்று அதில் கண்டிருந்தது.

நான்கு பத்துக்குப் புறப்பட்ட புறா நான்கு மணிக்கே வந்திருக்கிறது. புறப்படுவதற்குப் பத்து நிமிஷம் முன்னதாக. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அங்கத்தினர் மட்டும், இது எப்படி நடக்கும் என்று மெல்லக் கேட்டார். முதலியார் அவர் பக்கம் திரும்பினார்.

"புறா பொய் சொல்லாது. தந்தி சர்க்கார் தந்தி. மிச்சம் இருப்பது கடிகாரம். கடிகாரம் தவறு என்றால் நான் நான்கு மணிக்கு வரவில்லை என்று ஆகிறது. வாத்தியார் அப்படிச் சொல்லுகிறாரா?"

வாத்தியார் அப்படிச் சொல்லவில்லை. தீர்மானத்தை அவரே ஆமோதிக்கும்படி ஆயிற்று. முதலியார் எழுந்து உருக்கமாகப் பேசினார்.

"தூத்துக்குடியிலிருந்து ஆகாய மார்க்கமாகத் திருநெல்வேலிக்கு வருகிறவன் கிளம்புவதற்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிடுகிறான். இவ்வளவு கிட்ட இருக்கிற ஒரு ஊருக்குத் தனியாக ஒரு ராவ் பகதூர் அவசியமா என்பதைத் தர்பார் யோசிக்க வேண்டும். நான் எனக்காகக் கேட்கவில்லை. கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிச் சர்க்காரை அவமதிக்கிற வழக்கமும் எனக்கில்லை."

ஆவுடைநாயகத்துக்கு உண்மை தெரியும். புறா முக்கால் மணி நேரத்தில் வந்தது. பென்சிலில் எழுதியது கண்முன்னே இருந்தது. அவர் பொய் எழுதிப் பழகாதவர். வெள்ளம் வரக்கூடாதென்று தீர்மானித்ததைக்கூட, தீர்மானித்தார்கள் என்றுதான் எழுதினாரே தவிர வராது என்று எழுதவில்லை. முக்கால் மணி என்று எழுதினாலும் தூத்துக்குடி கிட்டத்தான். ஆனால் தில்லைநாயகம் அப்போதும் முக்கால் மணி தூரத்துக்காரராக இருப்பார். அந்த முக்கால் மணிக்கும் ஒரு முழு அப்பளம் உண்டு. கொழும்புத் தேயிலை ஞாபகம் வந்தது. ரப்பரை எடுத்து நான்கு ஐம்பத்தைந்தை அழித்தார். பத்து நிமிஷம் குறைய என்று மையால் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

தர்பார் நடந்தது. முதலியாருக்குப் பட்டம் வரவில்லை. சபை அதற்கும் சந்தோஷம் தெரிவித்தது. ஆவுடைநாயகத்துக்கு அதைப் பற்றி அக்கறையில்லை. அவர் தீர்மானத்துக்கு ஒரு நகல் எடுத்து, அடியில் தன் கையெழுத்து, பக்கத்தில் சபையின் சிவப்பு அரக்கு முத்திரை, எல்லாம் வைத்து மஞ்சள் துணியில் சுற்றி வைத்துக்கொண்டார். அறுபதாம் கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியற்காலையில் அவரும் சண்முகசுந்தரியும் வண்டியேறினார்கள். பத்து மணி நேரப் பிரயாணத்தில் அவர் அந்தத் துணியை மடியைவிட்டு இறக்கவில்லை. ஓலையா, ஜாதகமா என்று கேட்ட மனைவிக்குச் சிரிப்பைத்தான் பதிலாகக் கொடுத்தார்.

தில்லைநாயகம் முன்பே வந்திருந்தார். டப்பாவும் வந்திருந்தது. வாங்க அண்ணாச்சி என்று எழுந்து வந்து கும்பிட்டார். ஆவுடைநாயகம் என்றுமில்லாத பிரியத்தோடு அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் காலையில் முற்றத்தில் மணை போட்டுக் கலசங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஆவுடைநாயகம் மாமனாரிடம் போய்க் காகிதத்தை நீட்டினார். ஆறுமுகநயினார் பிள்ளை முதலில் முத்திரையைப் பார்த்தார். உடனே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடி கொண்டுவரச் சொல்லி, நின்றபடியே மூன்று தடவை படித்தார்.

"மாப்ளே, திருநெல்வேலியிலேருந்து இங்கன வர வண்டியில பத்து மணி நேரம். தூத்துக்குடியிலேருந்து வந்தா அதுல பத்து நிமிசம் குறையும். இதுல அப்படித்தான கண்டிருக்கு?"

"அப்படித்தான் மாமா."

"அப்பம் ரெண்டு பேருல தில்லைநாயகந்தான் நமக்குக் கிட்ட இருக்காரு. நீங்க தூரத்துல இருக்கிய."

"ஆமா மாமா, நாந்தான் தூரம்," என்றார் ஆவுடைநாயகம். நான்கு வருஷமாகச் சொல்ல ஆசைப்பட்ட வார்த்தை அது. சகலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பெரியவர் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே பார்த்து, மூத்த மாப்பிள்ளை தூரத்திலிருந்து வந்திருக்கிறார், சடங்கு முடிகிறவரை பசியோடு இருக்கக்கூடாது, இப்போதே முதல் இலையை அவருக்குப் போடுங்கள் என்றார். ஆவுடைநாயகத்துக்கு மார்பு நிறைந்துபோயிற்று. அடுத்தபடியாகப் பெரியவர் முதல் குடத்தை எடுத்துத் தில்லைநாயகத்தின் கையில் கொடுத்தார்.

"மாமா, அந்தக் குடம்," என்றார் ஆவுடைநாயகம்.

"குடம் வீட்டுப்பிள்ளை எடுக்கதுல்லா மாப்ளே, விருந்தாளி எடுக்கக் கூடாது. நாலு வருசமா அதை உங்களுக்குன்னுதான் வச்சிருந்தேன். நீங்க கிட்டத்துல இருக்கிய, கூப்பிட்ட குரலுக்கு வாரிய, நம்ம பிள்ளைதான, பிந்திச் சாப்பிட்டா என்னன்னுதான் வந்தவருக்கு முதல் எலையப் போடச் சொன்னேன். முத்திரை இப்பம் வேற மாதிரில்லா சொல்லுது."

"மாமா, அந்தச் சபைக் கடிகாரத்தை ஒரு ஆளு திருப்பி வச்சிட்டான். இதுல உள்ளது நெசமில்ல."

பெரியவர் காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இந்தக் கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான்."

"கையெழுத்தும் போட்டுட்டு இல்லன்னு சொல்லக்கூடாது மாப்ளே. போய் இருங்க. எலை காயுது."

கூடத்தில் ஒரே ஒரு தலைவாழை இலை போட்டிருந்தது. ஆவுடைநாயகம் அதன் முன்னால் உட்கார்ந்தார். அப்பளம் முழுசாக, ஓரம் நொறுங்காமல் வந்தது. சண்முகசுந்தரி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சோற்றை வைத்தாள். முற்றத்தில் மேளம் ஆரம்பித்தது. மகனாக நிற்கிறவர் அப்பா என்று மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு நீரை ஊற்ற வேண்டும் என்று குருக்கள் சொல்லிக்கொடுப்பது கேட்டது. தில்லைநாயகம் கணீரென்று மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் பெரியவர் என்னய்யா என்றார்.

தண்ணீர் விழுகிற சத்தம் கூடம்வரைக்கும் வந்தது. பிரம்மநாயகி குனிந்து நெய்யை ஊற்றினாள். நெய் நல்ல சூடாகத்தான் இருந்தது.